188 கடிதம் வந்தபின்: மேசையா, வாக்கெடுப்பா, வழக்கா, விலகலா?

இங்கிலாந்தில் கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தில், வேலை பார்ப்பவர்களுக்கு நவம்பர் பிறந்தாலே வயிற்றைக் கலக்கும். தீபாவளிக்கு யாரோ கொண்டுவந்த முறுக்கு அலுவலகச் சமையலறையில் தீர்வதற்குள் மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிடும். தலைப்பு "சேவை மீளாய்வு" என்று பவ்வியமாக இருக்கும். இணைப்பைத் திறந்தால் பழைய கட்டமைப்பு ஒரு பக்கம், புதிய கட்டமைப்பு மறுபக்கம். இடப்பக்கம் இருந்த சில பெட்டிகளை வலப்பக்கம் காணோம். காணாமல் போன பெட்டிகளில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம். அதே நாளில் யூனியனுக்குத் தனியாக ஒரு கடிதம் போகும். 1992 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 188 ஆம் பிரிவின்படி, பலரை ஒன்றாக வேலையிலிருந்து குறைக்கும்போது அனுப்பியே ஆகவேண்டிய கடிதம். அதை எங்கள் இடத்தில் யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "வன் எயிட்டி எயிட் வந்திட்டுதாம்." அவ்வளவுதான்.

நான் லண்டனில் ஒரு கவுன்சிலின் நூலகப் பிரிவில் வேலை செய்கிறேன். இப்படி மூன்று கடிதம் பார்த்தாயிற்று, அதில் இரண்டு யூனியன் பிரதிநிதியாக. ஹாரோ, பிரெண்ட், ரெட்பிரிட்ஜ், மேர்ட்டன், குரொய்டன் என்று நம்மவர்கள் அடர்த்தியாக வாழும் இடங்களில் கவுன்சில் சம்பளத்தில் ஓடும் வீடுகள் பல. பாடசாலைச் சமையலறை, பார்க்கிங், முதியோர் பராமரிப்பு, வீட்டுவசதிப் பிரிவு என்று எங்கு பார்த்தாலும் ஒருவர் இருப்பார். கடிதம் வந்த அன்றிரவே போன் அடிக்கும். "அண்ணை, இப்ப என்ன செய்யிறது? பேசிப் பாக்கிறதா, ஸ்ட்ரைக்குக்குப் போறதா, இல்லாட்டிக் காசை வாங்கிக்கொண்டு வெளிய போறதா?"

இந்தக் கேள்விக்கு நான் போனில் சொல்லும் பதிலை எழுதிவைக்கலாம் என்றுதான் இது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நாட்கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பார்க்காமல் வீரமாகவோ பணிவாகவோ முடிவெடுத்த யூனியன் கிளைகள்தான் அதிகம் அடிபட்டன. எங்கள் கிளையையும் சேர்த்தே சொல்கிறேன்.

காசு ஏன் இல்லை

இதை நீட்ட விரும்பவில்லை. 2010-11 இலிருந்து 2017-18 வரை இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கான மத்திய அரசின் நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவீதம் குறைந்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018 இல் கணக்குக் காட்டியது. மறுபக்கம் முதியோர் பராமரிப்பும் பிள்ளைகள் பாதுகாப்பும் சட்டப்படி செய்தே ஆகவேண்டியவை. அவற்றின் செலவு ஏறிக்கொண்டே போகிறது. கவுன்சில் வரியை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உள்ளூரில் மக்கள் வாக்கெடுப்பு வைக்க வேண்டும். ஆகவே கத்தி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: நூலகம், பூங்கா, இளைஞர் மையம், அலுவலகப் பின்பணிகள்.

பட்ஜெட்டும் வரியும் மார்ச் 11 க்குள் முடிவாகிவிட வேண்டும். கணக்கு நேராகவில்லை என்றால் தலைமை நிதி அதிகாரி 114 ஆம் பிரிவு அறிவிப்பு விடுவார். அதோடு புதிய செலவுகள் நிற்கும். நோர்தாம்ப்டன்ஷயர் 2018, குரொய்டன் 2020, ஸ்லவ் 2021, தரொக் 2022, வோக்கிங், பர்மிங்ஹாம், நொட்டிங்ஹாம் 2023. பேச்சுவார்த்தை அறையில் அதிகாரிகள் இந்தப் பட்டியலைப் பூச்சாண்டி காட்டுவது போலச் சொல்வார்கள். பூச்சாண்டிதான், ஆனால் உண்மையான பூச்சாண்டி.

இன்னொரு பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழும்பி, "வெட்டே இல்லாத பட்ஜெட்டைக் கவுன்சிலர்மார் போடட்டும்" என்பார்கள். கை தட்டும் விழும். 1985 இல் லிவர்பூல் கவுன்சில் அந்தப் பாதையில்தான் போனது. கடைசியில் 31,000 ஊழியருக்கு வேலைநீக்க நோட்டீஸ் அடித்து, அதை டாக்ஸி பிடித்து வீடு வீடாகக் கொடுக்கவேண்டி வந்தது. 47 கவுன்சிலர்கள் அபராதம் விதிக்கப்பட்டுப் பதவி இழந்தார்கள். இன்று அந்த அபராதச் சட்டம் இல்லை. ஆனால் சட்டத்துக்குப் புறம்பான பட்ஜெட் வரும் நிலை தெரிந்தாலே நிதி அதிகாரி 114 ஐ நீட்டிவிடுவார். கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள், வாரக்கடைசிச் சந்திப்பில் வரிசையில் நின்று கேளுங்கள், நல்லது. அதையே உங்கள் திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேசை

பேச்சுவார்த்தை மேசை பற்றிச் சட்டம் சொல்வது இது. 90 நாளுக்குள் ஓர் இடத்தில் 20 முதல் 99 பேர் வரை வேலை இழக்கலாம் என்றால், முதல் ஆள் வெளியே போவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே யூனியனோடு கலந்தாலோசனை தொடங்க வேண்டும். 100 அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள். 2013 ஏப்ரல் வரை அது 90 நாளாக இருந்தது, பாதியாக்கிவிட்டார்கள். பேச வேண்டிய விஷயமும் மூன்றாகச் சட்டத்திலேயே இருக்கிறது: நீக்கத்தைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, விளைவைத் தணிப்பது. "உடன்பாடு காணும் நோக்கோடு" பேச வேண்டும் என்கிறது சட்டம். உடன்பட்டே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. கடைசி முடிவு முதலாளியுடையது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பலர், "அது கண்துடைப்பு, போய் உட்கார்ந்து என்ன பிரயோசனம்" என்கிறார்கள்.

கண்துடைப்பாக நடந்த கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் வேலைகள் காப்பாற்றப்பட்டதை நான் கண்ணால் பார்த்தது அந்த மேசையில்தான். எப்படி என்று ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது கடிதம் வந்தபோது நூலக உதவியாளர் பதவிகளில் ஒரு பங்கு போகிறது என்றார்கள். முதல் கூட்டத்தில் எங்களுக்கு ஆத்திரம். நூலகம் சமூகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று மாறி மாறிப் பேசினோம். எதிரே இருந்த அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்தபோது எங்கள் கிளையின் பழைய செயலாளர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த வெள்ளைக்காரர், என்னிடம் சொன்னார்: நாளைக்கு நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, பெட்டிகளைப் பற்றி மட்டும் பேசு. அன்றிரவு கட்டமைப்புப் படத்தை ஏ3 தாளில் அச்சடித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். ஒவ்வொரு பெட்டிக்கும் யார் இருக்கிறார், எந்த நூலகக் கிளை, எத்தனை மணி நேரம் என்று பென்சிலால் எழுதினோம். மூன்று பெட்டிகளுக்கு ஆளே இல்லை. நிரந்தர ஆள் விலகி ஒன்றரை வருடம் ஆகியும் ஏஜென்சி அனுப்பும் தற்காலிக ஆட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பெட்டியில் இருந்தவர் நீண்ட விடுமுறையில் போய், திரும்ப வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டவர். எச்.ஆருக்கு (மனிதவளப் பிரிவுக்கு) அது தெரிந்திருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை மேசையில் வைத்தோம். காலியிடங்களை முதலில் மூடுங்கள், ஏஜென்சியை நிறுத்தி அந்த மணி நேரத்தை நம் ஆட்களுக்குக் கொடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம் என்றோம். அறையில் சூடு குறைந்தது. அன்று முடிவில் ஆபத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்தது. யாரும் கை தட்டவில்லை. நல்ல மனதால் அது நடக்கவும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தொகை. அந்தத் தொகைக்கு வேறு வழி காட்டினால் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்குத் தேவையான தகவலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏன் இந்த வெட்டு, எந்த வகைப் பதவியில் எத்தனை பேர், அந்த வகையில் மொத்தம் எத்தனை பேர், எப்படித் தெரிவு செய்வார்கள், ரிடண்டன்சிக் காசை (ஆட்குறைப்பு இழப்பீட்டை) எப்படிக் கணக்கிடுவார்கள், எத்தனை ஏஜென்சி ஆட்களை எங்கே என்ன வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று எல்லாம் எழுத்தில் தர வேண்டும். ஏஜென்சிக் கணக்கு 2011 இல் சேர்ந்தது. என் அனுபவத்தில் முதல் கடிதத்தில் மிக மெலிதாக எழுதப்பட்டிருக்கும் பத்தி அதுதான். அங்கேதான் முதலில் தோண்ட வேண்டும்.

மேசையின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்ஜெட்டில் ஒரு தொகை ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது. அந்தத் தொகைக்குள் நீங்கள் ஆட்களை மாற்றி அடுக்கலாம். தொகையை மாற்றுவது அரிது. எங்கள் மூன்றாவது கடிதத்தில் காலிப்பெட்டி ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. அப்போது மேசை வெறும் மேசையாகிவிட்டது.

சம்பளத்தைக் கொடுத்து வேலையை வாங்குவது

மேசையிலேயே சில சமயம் இந்தப் பேரம் வரும். ஆளைக் குறைக்கவில்லை, எல்லோரும் கொஞ்சம் சம்பளத்தையோ படியையோ விட்டுக்கொடுங்கள். கேட்க நியாயம்போல இருக்கும். 2011 இல் சவுத்ஹாம்ப்டன் கவுன்சில் இதைத்தான் செய்தது. யூனியன்கள் சம்மதிக்காததால் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு, பழைய ஒப்பந்தம் முடிகிறது, குறைந்த சம்பளத்தில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள் என்றார்கள். அந்தக் கோடையில் குப்பை வண்டிக்காரர் தொடங்கி சமூக சேவகர் வரை மாறி மாறி வேலைநிறுத்தம். சம்பள வெட்டு நிற்கவில்லை. அடுத்த வருடம் மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சி வெட்டிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது.

தேர்தல் ஒரு வருடத்தில் வந்தது அவர்கள் அதிர்ஷ்டம். நான் இந்தப் பேரத்துக்கு எதிரானவன். போன வேலை கண்ணுக்குத் தெரியும். போன சம்பளம் தெரியாது, ஓய்வூதியம் வரை அரித்துக்கொண்டே போகும். அடுத்த நவம்பரில் அதே அதிகாரி அதே மேசைக்கு ஆட்குறைப்போடு வந்தால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. இன்னொன்று: யூனியனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஊழியருக்கும் நேரடியாகக் கடிதம் அனுப்பி, "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டால், பேச்சுவார்த்தை முறை முடியும் வரை அப்படிச் செய்யக்கூடாது என்று 2021 இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு கடிதம் வந்தால் கையெழுத்திடுவதற்கு முன் பிரதிநிதியிடம் காட்டுங்கள்.

வாக்கெடுப்பும் வேலைநிறுத்தமும்

இங்கே நாட்கணக்கை விரலை மடித்துப் போட்டுப் பாருங்கள். வாக்கெடுப்பு நடத்தப்போகிறோம் என்று முதலாளிக்கு 7 நாள் முன்னறிவிப்பு. வாக்குச்சீட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வரக் குறைந்தது மூன்று வாரமாவது வேண்டும். முடிவு வந்தபின் வேலைநிறுத்தத்துக்கு முன்பு 14 நாள் அறிவிப்பு என்றிருந்தது. 2025 இன் வேலை உரிமைச் சட்டம் அதை 10 நாளாக்கியது. கூட்டினால் ஐந்தரை வாரம். 30 நாள் கலந்தாலோசனை அதற்குள் முடிந்துவிடும். 45 நாளில் மயிரிழையில் தப்பும். "முதலில் பேசிப் பார்ப்போம், சரிவராவிட்டால் வாக்கெடுப்பு" என்று சொல்லும் கிளை, வாக்குச்சீட்டு வருமுன்பே நோட்டீஸ் கையில் வாங்கும். நாங்கள் முதல் தடவை செய்த பிழை அதுதான்.

வேலைநிறுத்தம் எதற்கு என்பதும் சரியாக எழுதப்பட வேண்டும். பட்ஜெட்டுக்கு எதிராக, அரசின் கொள்கைக்கு எதிராக என்று எழுதினால் சட்டப் பாதுகாப்பு போய்விடும். இன்ன பதவிகள், இன்ன சம்பளம், இன்ன நிபந்தனை என்று முதலாளியோடு உள்ள தகராறாக இருக்க வேண்டும். அப்புறம் வாக்களிப்பு விகிதம். 2016 ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும். எங்கள் கிளையில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆம் என்றார்கள். ஆனால் பாதிப் பேர் வாக்களிக்கவில்லை, சில பேரால் தவறியது. அடுத்த நாள் கூட்டத்தில் எதிரே இருந்தவர்களின் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தோற்ற வாக்கெடுப்பு, நடத்தாத வாக்கெடுப்பைவிட மோசம்.

வென்றால் என்ன ஆகும் என்பதற்கு பர்மிங்ஹாமைப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளில் எலி, குப்பை மலை என்ற படங்களோடு அந்தக் கதை நின்றுவிட்டது. 2017 கோடையில் குப்பை வண்டிக் குழுவில் "லீடிங் ஹாண்ட்" என்ற பதவியைக் கவுன்சில் எடுக்கப் பார்த்தது. யுனைட் யூனியன் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஓகஸ்டில் சமரசம் ஆனது போல இருந்து, கவுன்சில் பின்வாங்கி ரிடண்டன்சி நோட்டீஸ் கொடுத்தது. கவுன்சில் தலைவர் பதவி விலகினார். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த நோட்டீஸ்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. நவம்பரில் உடன்பாடு வந்தது. அதே சம்பளத் தரத்தில், வேறு பெயரில் ஒரு பதவி: கழிவு மறுசுழற்சி சேகரிப்பு அலுவலர். யூனியனுக்குத் தெளிவான வெற்றி.

2023 செப்டம்பரில் கவுன்சில் 114 அறிவிப்பு விட்டது. காரணங்களில் பெரியது சம ஊதியக் கோரிக்கைகள். பெண்கள் அதிகம் பார்க்கும் பராமரிப்பு, சமையல், துப்புரவு வேலைகளுக்கும் ஆண்கள் அதிகம் பார்க்கும் வேலைகளுக்கும் இடையிலான சம்பள வேறுபாடு பற்றியவை அவை. அப்புறம் அந்தப் புதிய பதவியே சம ஊதிய ஆபத்து என்று சொல்லி அதை எடுத்தார்கள். யுனைட் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. சிலருக்கு ஆண்டுக்கு 8,000 பவுண் வரை இழப்பு என்றது. கவுன்சில் அந்தக் கணக்கை மறுத்தது. 2025 மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தம். மாத முடிவில் 17,000 தொன் குப்பை தெருவில் கிடக்கிறது என்று பெரும் அனர்த்தம் அறிவித்தார்கள். அந்த வருடம் முழுதும் அது தீரவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. 2017 இல் வென்ற பொருள்தான் 2025 இல் சண்டைக்குக் காரணமானது என்பதை மட்டும் கவனியுங்கள். வேலைநிறுத்தத்தில் ஒரு பதவியை வென்றால், அந்த உடன்பாட்டை எழுதும்போதே பக்கத்துப் பிரிவில் வேலை செய்யும் பெண்களின் தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு யூனியனின் வெற்றி இன்னொரு யூனியனின் வழக்காகிவிடும்.

குப்பை அள்ளுபவர் நிறுத்தினால் மூன்றாம் நாள் ஊர் நாறும். நூலகக்காரர் நிறுத்தினால்? எங்கள் தமிழ்ப் புத்தக அலமாரிக்கு வாராவாரம் வரும் ஐயா ஒருவர், வாசலில் நாங்கள் அட்டை பிடித்து நின்றபோது, "நல்லது தம்பி, நில்லுங்கோ, நான் அடுத்த கிழமை வாறன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிப் போனார். ஆதரவுதான். ஆனால் கவுன்சிலுக்கு அன்று எங்கள் சம்பளம் மிச்சம். உங்கள் வேலை நின்றால் யாருக்கு, எத்தனை நாளில் வலிக்கும் என்று நேர்மையாகப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வழக்கு

இரண்டு வகை வழக்குகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, யூனியனோடு சரியாகக் கலந்து பேசவில்லை என்று தொழில் நியாயமன்றத்துக்குப் போவது. வென்றால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 90 நாள் சம்பளம் வரை கிடைக்கலாம் என்றிருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து அந்த உச்சவரம்பு 180 நாள். வேலை திரும்பி வராது. இதன் பயன் மேசையில்தான். கடிதத்தில் தகவல் குறைவு, நாள் குறைவு என்று நீங்கள் எழுத்தில் சுட்டிக்காட்டினால், அந்த 180 ஐ மனதில் பெருக்கிப் பார்த்துவிட்டு எச்.ஆர். தேதியைத் தள்ளிப்போடும்.

மற்றது நீதிப் பேராணை வழக்கு. சேவையையே மூடும் முடிவை உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பது. இதன் அடித்தளம் நம்மவர்களுக்குப் பழக்கமான பிரெண்டில் பிறந்தது. 1985 இல் அங்கே பாடசாலைகளை மூட எடுத்த முடிவு பற்றிய வழக்கில், பொதுமக்கள் கருத்துக்கேட்பு எப்படி இருக்க வேண்டும் என்று நாலு விஷயம் வகுக்கப்பட்டது: முடிவு உருவாகும் நிலையிலேயே கேட்க வேண்டும், யோசித்துப் பதில் சொல்லப் போதிய காரணம் கொடுக்க வேண்டும், போதிய நேரம் வேண்டும், வந்த பதிலை மனதார எடைபோட வேண்டும். 2014 இல் ஹாரிங்கே கவுன்சில் வரிச்சலுகை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தள்ளி, வெட்டைத் தவிர வேறு வழிகள் இருந்ததையே மக்களுக்குச் சொல்லாதது தவறு என்றது.

வெல்லவும் முடியும். நோர்தாம்ப்டன்ஷயரில் 21 நூலகங்களை மூடும் முடிவை 2018 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். ஆனால் தீர்ப்பு கவுன்சிலின் பணப்பெட்டியில் காசு போடவில்லை. அந்த நூலகங்களில் பல பிறகு தொண்டர்கள் நடத்தும் இடங்களாயின. கதவு திறந்திருந்தது, சம்பளம் வாங்கிய உதவியாளர் அங்கே இல்லை. பயனாளிக்கு வழக்கு நல்ல வழி, ஊழியருக்கு அரைவழி.

பார்னெட் கதை இன்னும் கசப்பு. அந்தக் கவுன்சில் தன் பின்பணிகளில் பெரும்பகுதியை ஒரு தனியார் நிறுவனத்திடம் 10 வருட ஒப்பந்தத்தில் கொடுக்கப் போனபோது குடியிருப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013 இல் வந்த தீர்ப்பில் நீதிபதி, கவுன்சில் செய்யவேண்டிய கருத்துக்கேட்பைச் செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டார். ஆனாலும் வழக்குத் தோற்றது, காலம் கடந்து வந்ததால். வழக்குப் போடுவதற்கான மூன்று மாதக் கெடு, ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலிருந்து ஓடவில்லை. வெளியே கொடுக்கலாம் என்று பல வருடம் முன்பு கொள்கையளவில் எடுத்த முடிவுகளிலிருந்தே ஓடத் தொடங்கியிருந்தது. அந்த வேலைகளில் பல பத்து வருடம் கழித்து, 2023 வாக்கில், கவுன்சிலுக்கே திரும்பி வந்தன. ஆகவே "மீளாய்வு" என்ற சொல் முதல்முறை கவுன்சில் அமைச்சரவையின் (முடிவெடுக்கும் கவுன்சிலர் குழுவின்) அறிக்கையில் தலைகாட்டும் நாளையே குறித்துவையுங்கள்.

வேலையை வெளியாருக்குக் கொடுக்கும் முறை பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. ரிடண்டன்சியைவிட மேல் என்று அதை விற்பார்கள். 2006 ஆம் ஆண்டின் TUPE (தொழில் கைமாறும்போது ஊழியரைப் பாதுகாக்கும்) விதிகளின்படி நீங்கள் பழைய நிபந்தனைகளோடு போவீர்கள், உண்மை. உங்களுக்குப் பிறகு சேர்பவர் அப்படி வரமாட்டார். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம், இரண்டு ஓய்வூதியம். உள்ளூராட்சியில் அதைத் தடுத்திருந்த நடத்தைக்கோவையை 2011 இல் எடுத்துவிட்டார்கள்.

விலகல்

சுயவிருப்பில் ரிடண்டன்சி எடுப்பவர்களைத் துரோகி மாதிரிப் பார்க்கும் பழக்கம் சில கிளைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போக விரும்பும் ஒருவர் போனால், இருக்க விரும்பும் ஒருவர் இருக்கலாம். ஆனால் கணக்குத் தெரியாமல் போகக்கூடாது.

பக்கத்து நூலகக் கிளையில் வேலை செய்த அக்கா ஒருவருக்கு 17 வருடச் சேவை, வயது 54. படிவத்தில் கையெழுத்துப் போடும் முதல் நாள் பின்னேரம் என்னிடம் காட்ட வந்தார். கவுன்சில் சொன்ன கடைசி நாள் பெப்ரவரி நடுப்பகுதி. அவருக்கு 55 முடிவது ஏப்ரல் முதல் வாரம். உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டத்தில் 55 வயதுக்குப் பிறகு, இரண்டு வருடமாவது திட்டத்தில் இருந்தவர் ரிடண்டன்சியில் போனால், முன்கூட்டி எடுப்பதற்கான வெட்டு இல்லாமல் ஓய்வூதியம் உடனே தொடங்கும். ஒரு நாள் முன்னால் போனாலும் அது இல்லை. அந்தத் திகதி தற்செயலா என்று நான் கேட்கப்போவதில்லை. வெட்டில்லாத ஓய்வூதியத்தின் கூடுதல் செலவு கவுன்சில் தலையில் விழும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அக்காவுக்கு 12 வாரம் நோட்டீஸ் உரிமை இருந்தது, 12 வருடத்துக்கு மேல் சேவை உள்ள எல்லோருக்கும் போல. நோட்டீஸுக்குப் பதிலாகக் காசு தருகிறோம், நாளையே ஓய்வெடுங்கள் என்றார்கள். கேட்க இனிப்பான வார்த்தை. நாங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வடிவாகப் படித்தோம். காசு கொடுத்து அனுப்பும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்கிறேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். இரண்டு கடிதப் போக்குவரத்து, ஒரு கூட்டம், பிறகு சரி என்றார்கள். ஏப்ரல் கடைசியில்தான் போனார். 2028 ஏப்ரலில் இந்த 55, 57 ஆகிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இப்போதே தங்கள் பிறந்தநாளைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

இன்னும் இரண்டு பொறிகள். பல கவுன்சில்களில் தொடர்ந்து செய்த சேவை ரிடண்டன்சிக் கணக்கில் சேரும். அதே விதியின் மறுபக்கம், வெளியேறுமுன் இன்னொரு கவுன்சிலில் வேலை கிடைத்து நாலு வாரத்துக்குள் சேர்ந்தால் ரிடண்டன்சிக் காசே இல்லை. மகிழ்ச்சியில் முந்திக் கையெழுத்திட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது, கவுன்சில் பொருத்தமான மாற்று வேலை தந்து நீங்கள் காரணமில்லாமல் மறுத்தால் அதற்கும் காசு போகும். நாலு வாரம் செய்து பார்க்கும் உரிமை உண்டு. மறுப்பதென்றால் செய்து பார்த்துவிட்டு, காரணத்தை எழுதிவைத்து மறுங்கள்.

போனில் நான் சொல்வது

இளையவர், சேவை குறைவு என்றால் விலகலில் ஒன்றுமில்லை. 22 முதல் 40 வயது வரை ஒரு வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம் என்பதே சட்டக் கணக்கு, இரண்டு வருடம் முடியாதவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு மேசைதான் வழி, அதுவும் காலியிடங்களும் ஏஜென்சியும் மிச்சமிருக்கும் கவுன்சிலில். 55 ஐத் தாண்டியவர் முதலில் ஓய்வூதிய மதிப்பீட்டை எழுத்தில் கேட்க வேண்டும். வருவதற்கு வாரக்கணக்கு ஆகும், கலந்தாலோசனைக் காலம் அதற்காக நிற்காது. கர்ப்பமாக இருப்பவருக்கும், மகப்பேற்று விடுமுறை எடுத்து, பிள்ளை பிறந்து 18 மாதம் ஆகாதவருக்கும் மாற்று வேலையில் முன்னுரிமை உண்டு, 2024 ஏப்ரலிலிருந்து. அதை எச்.ஆர். தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

கிளைக்கு என் பதில் வேறு. கடிதம் வந்த அன்றே மேசைக்கான தகவல் கோரிக்கையையும் வாக்கெடுப்புக்கான உறுப்பினர் பட்டியலையும் சேர்த்துத் தொடங்குங்கள். வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருக்கும் மேசையில் அதிகாரிகள் சுறுசுறுப்பாகப் பதில் எழுதுவார்கள். வழக்கறிஞரிடம் முதல் வாரமே திகதிகளைக் காட்டிவிடுங்கள், வழக்குப் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும். பாதிக்கும் குறைவானவர்களே வாக்களிப்பார்கள் என்று உங்களுக்கே தெரிந்தால் வாக்கெடுப்பைத் தொடாதீர்கள். மேசையில் முழு மூச்சாக உட்காருங்கள்.

எங்கள் வாக்கெடுப்பு ஏன் தவறியது என்று பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தோம். வேண்டாம் என்று சொன்னவர்கள் சொற்பம். சீட்டு தபாலில் வீட்டுக்குப் போனது. வீடு மாறி ஈஸ்ட்ஹாமுக்கும் லூட்டனுக்கும் போனவர்களின் பழைய முகவரிதான் யூனியனிடம் இருந்தது. ஒருவரின் சீட்டை, அவர் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மின்சார பில்லோடு சேர்த்து வைத்திருந்து, தைப்பொங்கலுக்கு வந்தபோது கொடுத்தாராம்.